எட்டாயிரத்துக்குக் குறையாத கிட்டார்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் சகல பெருமக்களுக்கும், குறிப்பாகப் பழைய சாமான்களை விலை குறைத்து வாங்குவதே பிறவிப் பயன் என்று இருப்போருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: பின்வருவது நடந்தது. கட்டிவிட்ட கதை அல்ல. இடம், பண்டமாரானில் ஒரு வரிசை வீடு. நேரம், நள்ளிரவு என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பத்து. பக்கத்து வீட்டில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பேய்க்கு அதைப் பற்றி ஒரு கூச்சமும் இல்லை.

வீட்டுக்காரி லோகேஸ்வரி, வயது அறுபத்தொன்று. கணவர் கார்த்திகேசு கல்யாண விருந்துகளில் கிட்டார் வாசித்தவர். இறந்து இரண்டு வருடம். அவர் விட்டுப்போனது ஓர் ஒழுகும் கூரையும், பிரிக்பீல்ட்ஸ் அடகுக்கடை ஏலத்தில் எடுத்த ஜப்பான் எலெக்ட்ரிக் கிட்டாரும். கிட்டாருக்கு வயது ஐம்பதுக்கு மேல். கூரையைச் சரிசெய்யக் கூரைக்காரர் எட்டாயிரம் வெள்ளி, அதாவது ரிங்கிட், கேட்டார். மழை பெய்தால் லோகேஸ்வரி கட்டிலில் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தாள். ஆகவே கிட்டாரின் விலை எட்டாயிரம். ஒரு வெள்ளி குறையாது.

ஒரு சங்கதியை மட்டும் அவள் விற்பனை விளம்பரத்தில் போடவில்லை. சில மதியங்களில் கிட்டார் தானாக ஒலிக்கும். ஒரே ஒரு கம்பி. ட்டொய்ங்... அவ்வளவுதான். கார்த்திகேசுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. "சும்மா இருங்க" என்பாள். அடங்கிவிடும். உயிரோடு இருந்தபோதும் மனிதர் அப்படித்தான். முட்டிவலி, மகளின் மாமியார், வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்பது வரை இரண்டு வருடமாக எல்லாவற்றையும் கிட்டார் நின்ற மூலையிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாங்க வந்தவர் பங்சார் ராமசுப்பிரமணியன். பழைய கிட்டார்களை மதிப்பிடுவதில் தென்கிழக்காசியாவிலேயே அவருக்கு நிகரில்லை என்று பேஸ்புக்கில் எழுதியிருந்தது. எழுதியவரும் அவர்தான். வெள்ளைக் கையுறை மாட்டினார். டார்ச், பூதக்கண்ணாடி, பல் டாக்டர்கள் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடி... பிரேதப் பரிசோதனைக்கு வந்தவர் போலக் கிட்டாரை மேசையில் கிடத்தினார்.

"பெயின்ட் ஒரிஜினல் இல்ல ஆன்டி. யாரோ திரும்ப அடிச்சிருக்காங்க. ஆயிரம் கழிச்சிருவோம்."

"பெயின்ட்டையா வாசிக்கப் போறீங்க தம்பி?"

ட்டொய்ங்.

"கம்பி லூசு," என்றார் அவர்.

"சும்மா இருங்க," என்றாள் லோகேஸ்வரி. தன்னைத்தான் சொல்கிறாள் என்று அவர் முறைத்தார். முறைத்துவிட்டுக் கிட்டாரின் தலைப்பக்கம் குனிந்தார்.

"டியூனிங் கீ எல்லாம் மாத்தியிருக்கு. இன்னொரு ஐநூறு போச்சு."

மூலையில் நின்ற பழைய ஆம்ப்ளிஃபையர் உறும ஆரம்பித்தது. ம்ம்ம்ம்...

"எர்த் சரியில்ல. அதுக்கும் கழிக்கணும்." ஒயரைக் கையால் பிடித்தபடியே அதன் முனை வரை போனார். பிளக் தரையில் கிடந்தது. சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளி.

பிளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உள்ள பேட்டரி இருக்கா ஆன்டி?"

"இல்ல. வீட்டுக்காரரு. உங்க விலை அவருக்குப் பிடிக்கல."

மதிப்பீட்டாளர்கள் சாமானியப் பிறவிகள் அல்ல. அவருக்கு முகம் வெளுத்தது, விலை ஏறவில்லை.

"செத்தவருக்கெல்லாம் நான் விலை ஏத்த முடியாது ஆன்டி. ஆறாயிரம். லாஸ்ட்."

உறுமல் கூடியது. மேசை அதிர்ந்தது. டார்ச் உருண்டு தரையில் விழுந்தது.

"போதும்ங்க," என்றாள் லோகேஸ்வரி.

அடங்கவில்லை.

"சும்மா இருங்கன்னு சொல்றேன்ல."

அடங்கவில்லை... இரண்டு வருடத்தில் முதல் தடவையாக.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கார்த்திகேசு மீன் கடையில்கூடப் பேரம் பேசியதில்லை.

ஆம்ப்ளிஃபையரின் ஒலித்திருகு மெல்லத் திரும்பியது.

ஐந்து... ஆறு... ஏழு...

பட்.

கம்பி ஒன்று அறுந்தது. வெள்ளைக் கையுறையில் சிவப்பு.

வாசல் நாலே அடி. ஓடலாம். ஓடினால் கூரை?

லோகேஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எட்டாயிரம்," என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

"எட்டு..." என்றார் அவர். "எட்டே தரேன்."

நின்றது.

பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் மட்டும் கேட்டது. அவர் நின்ற இடத்திலேயே போனில் பணத்தை அனுப்பினார். கிட்டாரைப் பெட்டியில் போட்டு, பெட்டியைக் காரில் போட்டு, டார்ச்சை விட்டுவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

"ஆன்டி, அன்னிக்கு அவசரத்துல கிட்டாரோட நெக்கைப் பார்க்காம விட்டுட்டேன். இப்பதான் கம்பியெல்லாம் கழட்டினேன்." குரலில் தென்கிழக்காசியா எதுவும் மிச்சமில்லை. "அங்கிள் இடது கையில நகம் வளர்த்திருந்தாரா?"

"ஏன் தம்பி?"

"கம்பிக்கு அடியில மரம் பூரா நகக் கீறல். ஆழமா இருக்கு. நீள நகம்."

"பழைய கிட்டார்தானே."

"மரம் கறுத்துப் பழசா இருக்கு ஆன்டி. கீறல் பழசு இல்ல. உள்ள மரத்தூள்கூட உதிரல. போன மாசம், இந்த மாசம்..."

கார்த்திகேசு நகத்தைக் கடித்துத் துப்பும் ஆள். விரல் நுனியில் சதைதான் இருக்கும். கடைசியாகக் குளிப்பாட்டியபோது அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அழுதாள்.

காலியான மூலையைப் பார்த்தாள். இரண்டு வருடமாக அங்கே உட்கார்ந்து அவள் சொன்னதையெல்லாம் கேட்டது யார்?

"நேத்து மதியம் இங்கயும் சத்தம் வந்துச்சு ஆன்டி. திரும்ப எடுத்துக்கோங்க லா. பாதிப் பணம் குடுத்தா போதும்."

லோகேஸ்வரி நிமிர்ந்து ஒழுகும் கூரையைப் பார்த்தாள். குரல் நடுங்கவில்லை.

"வித்த சாமானை நான் திரும்ப எடுக்கறதில்ல தம்பி."

புதன்கிழமை காலை கூரைக்காரர் வந்தார்.