உப்புக் கழுவுப்படும்வரை

வீதியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. சில்க்போர்க் என்ற டேனிஷ் நகரத்தில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். மார்ச் பிறந்துவிட்டால் காலையில் வாசலுக்கு வந்து, குனிந்து, தாரின்மேல் விரலை அழுத்தி எடுத்து நாக்கு நுனியில் வைப்பேன். கரித்தால் எழும்பி உள்ளே போய்விடுவேன். முன்வீட்டு டேனிஷ்காரர் முதல் வருடம் நாயையும் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். இரண்டாம் வருடத்திலிருந்து, "இன்றைக்கு எப்படி?" என்று கேட்டுவிட்டுத் தன்பாட்டில் போவார். என் மனைவிக்கு மட்டும் இது கடைசிவரை பழகவில்லை.

"நாய் போற றோட்டப்பா அது. கறிக்கு உப்புப் பாக்கச் சொன்னா மட்டும் மாட்டியள்" என்பாள்.

இவ்வளவும் ஒரு காருக்காக. இத்தாலியில் செய்த மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இரண்டு இருக்கை. மகள் படித்து முடித்து, வேலை கிடைத்துத் தலைநகர்ப் பக்கம் ஹ்விடோவ்ரேக்குப் போன வருடம், ஏற்கெனவே இரண்டு பேரிடம் ஓடிய அந்தக் காரை வாங்கினேன். அதுவரை தொழிற்சாலையில் இயந்திரத்துக்கு முன்னால் நின்றே வயது போயிருந்தது. அந்த வயதில் மற்றவர்கள் கோயில், சங்கம் என்று இறங்கினார்கள். நான் இப்படி இறங்கினேன். எங்கள் சனங்கள் ஒரு மணித்தியால ஓட்டத்தில் இருக்கிற ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். முன்மூடியைத் திறந்து காட்டினால், அங்கே இரண்டு பை வைக்கிற பள்ளம்தான் இருக்கும். "என்ஜின் எங்கை அண்ணை?" என்று கேட்பார்கள். என்ஜின் இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது என்று நான் விளக்கத் தொடங்குவதற்குள் தேத்தண்ணீரோடு வருகிற மனைவி முந்திக்கொள்வாள்.

"முன்னுக்கு ஒண்டுமில்லை. வாங்கினவரின்டை தலை மாதிரி."

காருக்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கராஜிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தால், "சக்களத்தி சாப்பிட்டிட்டாவோ? இனி நாங்கள் சாப்பிடலாமோ?" என்று கேட்பாள். கோபமில்லை. ஆனால் முழுக்கப் பகிடியும் இல்லை.

இந்த நாட்டில் ஒக்டோபர் முடிய, தரை உறையத் தொடங்கியதும் நகரசபை லொறிகள் வீதிக்கு உப்பு எறியத் தொடங்கிவிடும். பனி வழுக்காது, நல்லது. ஆனால் அந்த உப்புத் தண்ணீர் சக்கரத்தில் ஏறி, காரின் அடிவயிற்றுக்குப் போய், இடுக்கு இடுக்காக இருந்து இரும்பைத் தின்னும். உப்பு என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. என் அப்பாவின் லொறி உப்பளத்தில் ஓடிய லொறி. கடைசியில் அதன் தட்டில் நின்று கீழே பார்த்தால் தரை தெரியும். ஆகையால் முதல் உப்பு விழுமுன்னரே என் கார் உள்ளே போய்விடும், வசந்தத்தில் பெருமழை பெய்து வீதி கழுவுப்பட்ட பிறகுதான் வெளியே வரும். அந்த விதியை நான் ஒருமுறைகூட மீறியதில்லை. பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

உள்ளே போவதும் சும்மா போவதல்ல. இதற்கென்றே கராஜுக்குள் சுடுதண்ணீர்க் குழாய் ஒன்று நானே பூட்டினேன். முதலில் அடிப்பக்கத்தைக் கழுவுவேன், இரண்டு நாள் காயவிடுவேன். பிறகு முதுகில் படுத்துக்கொண்டு துருத் தடுப்பு மெழுகை மூலைமுடுக்கெல்லாம் அடிப்பேன். ஒவ்வொரு வருடமும் பழைய பூச்சின்மேல் புதுப் பூச்சு. ரயர் தட்டையாகாமல் இருக்கக் காரை நாலு கட்டையில் உயர்த்துவேன். பற்றறிக்கு மெல்லிய மின்சாரம் கொடுத்து வைப்பேன். கடைசியாகப் பருத்திப் போர்வை. ஒருமுறை ஈரம் உறிஞ்சட்டும் என்று, தண்ணீரில் விழுந்த கைத்தொலைபேசிக்குச் செய்கிற மாதிரி, துணிப்பைகளில் அரிசி கட்டி இருக்கைகளில் வைத்தேன். பழைய சேலையைக் கிழித்துப் பைகளைத் தைத்துத் தந்ததும் அவள்தான். ஜனவரியில் போர்வையைத் தூக்கிப் பார்த்தால் ஒரு குடும்பமே உள்ளே இருக்கிறது. அரிசியும் முடிந்து இரண்டு வயரும் முடிந்திருந்தது. நான் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்க, அவள் கராஜ் வாசலில் குந்தியிருந்து கண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"எலிக்குப் பொங்கல் வைச்சிருக்கிறியள்" என்றாள். அன்று பின்னேரத்துக்குள் ஹொல்ஸ்டெப்ரோ முழுக்கக் கதை பரவிவிட்டது, ஏனென்றால் அங்கேதான் அவளுடைய தங்கை இருக்கிறாள்.

அந்தத் தங்கைக்கும் அவளுக்கும் இந்தக் காரைப்பற்றி ஒரு நெடுநாள் வழக்கு இருந்தது. "அக்கா, அத்தான் உன்னை அதிலை ஏத்திறதே இல்லை. ஒருநாள் எங்கட வாசல்லை வந்து இறங்கு பாப்பம்" என்று தங்கை சீண்டுவாள். உண்மையில் ஏற்றக்கூடாதென்று எதுவுமில்லை. இருக்கை நிலத்தோடு நிலமாகக் கிடக்கும், ஏறுவது கிடங்குக்குள் விழுவது மாதிரி என்று அவள் சொல்வாள். அதோடு கோடையில் அவளுக்கு வேலை அதிகம். முதியோர் இல்லத்தில் மற்றவர்கள் விடுமுறை எடுக்க, வார இறுதி வேலைகளை இவள் பொறுப்பெடுத்துவிடுவாள். இந்த வருடம் சரிவரவில்லை, அடுத்த வருடம் போவோம் என்று கதைப்போம். எட்டுக் கோடை அப்படியே போனது. கடைத்தெருவுக்கும் ஏரிக்கரைக்கும் இரண்டு மூன்று தடவை வந்திருப்பாள், அவ்வளவுதான்.

ஒன்பதாவது கோடை முடிவில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சோதித்தார்கள். கணையத்தில் புற்றுநோய். சிகிச்சை உடனே தொடங்கினார்கள். அந்த ஒக்டோபரிலும் நான் காரைக் கழுவி, மெழுகு அடித்து, கட்டையில் ஏற்றினேன். கையை எதிலாவது வைத்திருக்கவேண்டும் போலிருந்தது. அவள் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு கராஜ் வாசலில் கதிரையில் இருந்து பார்த்தாள். அந்த முறை பகிடி எதுவும் சொல்லவில்லை.

ஜனவரியில் ஒரு காலை, மருந்து ஏற்றுகிற நாள், நல்ல வெயில். சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து கேட்டாள்.

"இண்டைக்கு மஞ்சளிலை போவமே?"

நான் சிரித்தேன். "றோட்டெல்லாம் உப்பப்பா. ஏப்பிரல் வரட்டும்."

"ஓம், ஓம். சும்மா கேட்டனான்" என்றாள்.

பெப்ரவரி கடைசியில் தங்கையின் பிறந்தநாள் வந்தது. அதற்குள் என் மனைவி மெலிந்து பாதியாகிவிட்டாள். போகவேண்டும் என்று அவள்தான் சொன்னாள். புறப்படுகிற நேரம் வாசலில் நின்றுகொண்டு கராஜ் கதவைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு மட்டும் அதை எடுங்கோவன். அவளின்டை வாசல்லை போய் இறங்குவம்."

"நீர் இருக்கிற நிலைமையிலை அந்த இருக்கையிலை ஏறி இறங்க ஏலுமே? ஹீற்றரும் சரியா வேலை செய்யாது" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நானும் மனிதன்தானே, அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் நிற்கவில்லை. "உப்பு கிடக்கப்பா. முதல் மழை பெஞ்சு றோட்டு கழுவுப்பட்ட உடன, முதல் ஓட்டம் ஹொல்ஸ்டெப்ரோவுக்குத்தான். உம்மைத்தான் ஏத்திக்கொண்டு போறன்."

"ஏப்பிரல்" என்றாள்.

"ஓம். ஏப்பிரல்."

அவள் மற்றக் காரில் ஏறினாள். சாம்பல் நிற, நாலு கதவு, உப்புக்கும் சேற்றுக்கும் என்றே விட்ட கார். போர்வையைச் சுற்றிக்கொண்டு வழி முழுக்கக் கண்ணை மூடியிருந்தாள். நித்திரை என்று நினைத்தேன்.

மார்ச் நடுவில் அவள் போய்விட்டாள். மகளும் தங்கையும் நானும் பக்கத்தில் இருந்தோம். வலி இருக்கவில்லை என்றார்கள். நம்புகிறேன், நம்பாமல் என்ன செய்வது.

செத்தவீடு நடந்த அன்று காலையில் ஈரப்பனி கொட்டி, லொறி இரண்டு தரம் உப்பு எறிந்திருந்தது. எல்லாம் முடிந்து வீட்டு வாசலில் சாம்பல் காரிலிருந்து இறங்கினேன். எல்லோரும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து வீதியில் விரலை வைத்து, நாக்கில் வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது. கரித்தது. என்ன செய்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. மகள் திரும்பி வந்து என் கையைப் பிடித்து, டேனிஷில் மெதுவாக, உள்ளே வாருங்கள் அப்பா என்றாள். அவள் அதைக் கண்டாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஏப்ரல் வந்தது. எதற்காகவும் அது நிற்கவில்லை. முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்த கையோடு மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நாலாம் நாள் காலை விரலை வைத்துப் பார்த்தேன், வெறும் தண்ணீர். போர்வையைக் கழற்றி, காரைக் கட்டையிலிருந்து இறக்கி, திறப்பைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது. எங்கும் நிறுத்தாமல் ஹொல்ஸ்டெப்ரோவுக்கு ஓடினேன். பக்கத்து இருக்கையில் எதையும் வைக்கவில்லை. கைப்பையைக்கூட முன்பள்ளத்தில்தான் போட்டேன்.

தங்கை சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தாள். காரைக் கண்டதும் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கிட்ட வரவில்லை. நான்தான் போனேன். குசினியில் இருத்தித் தேத்தண்ணீர் வைத்துத் தந்தாள். எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு சொன்னாள்.

"அத்தான், அக்காவுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஏப்பிரல் காணமாட்டன் எண்டு. ஜனவரியிலை ஆஸ்பத்திரியிலை நீங்கள் கோப்பி எடுக்கப் போன நேரம் டொக்டர் சொன்னவராம். என்ரை பிறந்தநாளண்டைக்கு அறைக்குள்ள கூப்பிட்டுச் சொன்னவ."

அந்தப் பிறந்தநாளன்று நான் வெளி அறையில் தங்கையின் கணவரோடு ரயரைப்பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா உடன காரை வெளியிலை எடுத்திடுவியளாம். பிறகு எங்கையாவது ஒரு பொட்டுத் துருவைக் காணுற நேரமெல்லாம் தன்னைத்தான் நினைப்பியளாம். அந்த மனுசனுக்கு அது வேண்டாம் எண்டவ."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. இறந்துபோனவள்மேல் வரக்கூடாத அளவுக்குக் கோபம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கார் முழுவதும் உக்கிப்போனால்தான் எனக்கென்ன? பிறகு யோசித்தேன். அவள் இரண்டு தரம் கேட்டாள். கேட்டதே போதாதா? காரணம் சொன்னால்தான் எடுப்பேன் என்றால், அது என்ன எடுப்பு? துருவைக் கண்டால் நான் வருந்துவேன் என்று கணக்குப் போட்டவள், துருவே இல்லாத காரை நான் எப்படிப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

அந்த வருடம் ஒக்டோபரில் மெழுகு டப்பாவைத் தொடவில்லை. கட்டைகளை வெளியே எறிந்தேன். குளிர்கால ரயரைப் பூட்டிக்கொண்டு உப்பு வீதியிலேயே ஓடினேன். வேலைக்கும் அதுதான், கடைக்கும் அதுதான். சனிக்கிழமைகளில் ஹொல்ஸ்டெப்ரோ. உப்பு எறிகிற லொறியைக் கண்டால் முந்தாமல் அதன் பின்னாலேயே போவேன். உப்புக்கற்கள் காரின் மூக்கில் சடசடவென்று விழும். கழுவவில்லை. மஞ்சள் நிறமே தெரியாமல் வெள்ளை படிந்து கிடந்தது. மகள் தொலைபேசியில் டேனிஷில் அழுதாள், கார் அழிந்துவிடும், அம்மா இதை விரும்பமாட்டா என்றாள். "தெரியும் பிள்ளை" என்றேன். எனக்குத் துரு வேண்டியிருந்தது. ஒரு பொட்டாவது. அவள் பயந்த அந்தப் பொட்டைக் கண்ணால் கண்டு, அதில் விரலை வைத்து, அவளை நினைத்து அழவேண்டும் போலிருந்தது.

அவளுடைய முதலாம் ஆண்டு ஆட்டைத் திவசம் முடிந்த வாரம், காருக்குப் பரிசோதனை முறை வந்தது. பரிசோதிக்கிறவர் நடுத்தர வயது டேனிஷ்காரர், அதிகம் பேசாதவர். காரை உயர்த்தி, அடியில் தண்ணீர் அடித்து, விளக்கைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். நான் சுவரோரம் நின்றேன். நெடுநேரம் பார்த்தார். சரி, கண்டுவிட்டார் என்று நினைத்தேன். பிறகு கையால் என்னைக் கூப்பிட்டார்.

இதற்கு யார் மெழுகு அடித்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். விளக்கை ஒவ்வொரு இடுக்காகப் பிடித்துக் காட்டினார். ஒரு பொட்டு இல்லை. என் கையால் ஒன்பது வருடம் படிந்த பூச்சு மினுங்கிக்கொண்டிருந்தது. இருபது வருடத்துக்கு மேற்பட்ட காரில் இப்படி ஒரு வேலையைத் தான் கண்டதில்லை என்றார்.

"இந்தக் குளிர் முழுக்க உப்பில் ஓடியது" என்றேன்.

ஓடட்டுமே, இந்தப் பூச்சு இன்னும் பத்துக் குளிர் தாங்கும் என்றார்.

நான் கேட்டிருக்கக்கூடாது. கேட்டேன். "ஒரே ஒரு நாள் ஓடியிருந்தால்?"

அவர் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். ஒரு நாள் உப்பு ஒன்றும் செய்யாது, வீட்டுக்கு வந்து அடிப்பக்கத்துக்குக் கொஞ்சம் சுடுதண்ணீர் அடித்துவிட்டால் போயிற்று என்றார்.

எங்கள் கராஜுக்குள் சுடுதண்ணீர்க் குழாய் இருக்கிறது. நானே பூட்டியது.