ஈசான மூலையில் ஒரு மூடி

எங்கள் வீட்டுச் சாமி மேடைக்குக் கீழே சாக்கடை மூடி இருந்தது எனக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்துக் கதை சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

மலேசியாவின் கிள்ளான் ஊரில் எங்களுடையது பழைய வரிசை வீடு. இங்கே அப்படி ஒரு வீடு வாங்குகிறவர்கள் முதல் வேலையாகச் சமையலறையைப் பின்சந்து வரைக்கும் இழுத்துக் கட்டுவார்கள். நானும் கட்டினேன். புதிதாகக் கிடைத்த இடத்தில்தான் ஈசான மூலை வந்தது. எங்கள் வீட்டுக் கழிவும் பக்கத்து வீட்டுக் கழிவும் ஒன்றாகச் சேர்ந்து பின்சந்துக்குப் போகிற குழியும், அதன் இரும்பு மூடியும் அதே மூலையில் இருந்தன.

"பாஸ், இதுமேல டைல்ஸ் ஒட்டிட்டா நாளைக்கு அடைச்சிக்கிச்சுன்னா திறக்க முடியாது லா. வேற மூலை பாருங்க" என்றார் காண்ட்ராக்டர்.

சாமிக்கு வேறு மூலையா? எனக்குக் கோபம் வந்துவிட்டது. கழிப்பறை உட்படப் பின்பக்கத் தரையை அரையடி உயர்த்தி மூடியை மறைத்து டைல்ஸ் போடச் சொன்னேன். இன்னொன்றும் கேட்டு வாங்கினேன். வெள்ளிக்கிழமைதோறும் வேலுக்குப் பாலபிஷேகம் செய்வது எங்கள் வழக்கம். அந்தத் தண்ணீர் யார் காலிலும் படக்கூடாது, பாத்திரம் கழுவுகிற தண்ணீரோடும் கலக்கக்கூடாது. அதனால் கோயில் கோமுகி மாதிரி மேடையிலிருந்து தனியாக ஒரு குழாய் வேண்டும் என்றேன். அவரும் வைத்துக் கொடுத்தார். அது எங்கே போய் விழுகிறது என்று நான் கேட்கவில்லை.

ஆறு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலையில் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். அவர் தமிழ் முஸ்லிம். கணவர் காலமான பிறகு தனியாக இருக்கிறார், வீட்டிலேயே பிரியாணி ஆர்டர் எடுத்துச் செய்கிறார்.

"தம்பி, எங்க பாத்ரூம்ல அழுக்குத் தண்ணி மேல வருது. உங்க வீட்ல எப்படி?"

எங்கள் வீட்டில் கழிப்பறை களக் களக்கென்று சத்தம் போட்டதோடு சரி. நான்தான் தரையை உயர்த்தியிருந்தேனே, வந்ததெல்லாம் தாழ்வாக இருந்த அவர் வீட்டுக்குப் போய்விட்டது. அந்த நொடியே எனக்கு மூடியின் ஞாபகம் வந்தது. சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் சொன்னால் மேடையை உடைக்க வேண்டும்.

"பிரியாணிச் சட்டி எண்ணெயெல்லாம் உள்ள ஊத்தினா இப்படித்தான் ஆகும்கா" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. "எண்ணெய நான் டின்ல புடிச்சு வச்சிருவேன் தம்பி" என்றார். ஆனால் நான் சொன்ன தோரணையில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போலும். அந்த வாரத்து ஆர்டர்களையெல்லாம் வேண்டாமென்று சொல்லிவிட்டார். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்யக்கூட அந்தப் பாத்ரூமில் நிற்க முடியவில்லை. அதனால் பூச்சோங்கில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். போகும்போது, அடைப்பு எடுக்க ஆள் வந்தால் திறந்துவிடும்படி வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார். என் கையில்! நானும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அடைப்பு எடுப்பவர் பண்டமாரானிலிருந்து வந்தார். என் வயதுதான் இருக்கும். அக்கா வீட்டிலிருந்து குழாய்க்குள் சுருள்கம்பியை விட்டார். எத்தனை முறை விட்டாலும் எங்கள் சுவரைத் தாண்டியதும் அது முட்டி நின்றது.

"அண்ணே, உங்க வீட்ல மூடி எங்க இருக்கு?"

"தெரியலயே. நாங்க வாங்கும்போதே டைல்ஸ் போட்டிருந்துச்சு."

பொய் எவ்வளவு சரளமாக வந்தது என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். மூன்று நாள் அவர் பின்சந்துப் பக்கமிருந்தும் முயன்று பார்த்தார். வியாழக்கிழமை, தரையைத் தட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். மறுக்க எனக்குக் காரணம் அகப்படவில்லை. சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே வந்தவர் மேடையின் அடியில் சத்தம் மாறியதும் நின்றார். அவர் கால்களில் சாக்கடைச் சேறு காய்ந்திருந்தது.

"சாமி இருக்கற எடம். கால கழுவிட்டு வந்துடுங்க" என்றேன்.

வெளிக்குழாயில் கால், கை, முகம் எல்லாம் கழுவிவிட்டு வந்து நின்றார். "போதுமாண்ணே?" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. நான் தலையாட்டினேன். "சாமிய நீங்களே எடுத்து வச்சிருங்க. நான் தொட்டா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்றார். அப்படியெல்லாம் இல்லை என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. வேல், படங்கள் எல்லாவற்றையும் மாடிக்குக் கொண்டுபோனேன். உடைக்கும் முன் அவர் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மூடியைத் திறந்ததும் நாற்றம் வீட்டை நிறைத்தது. கொக்கியை விட்டு அவர் இழுத்தெடுத்தது ஒரு தேங்காய் அளவுக்கு இருந்தது. பூக்கட்டிய நூல், வாழைநார், இவற்றின்மேல் வெள்ளையாக இறுகிப்போன பால்கொழுப்பு.

அடுப்படியில் இருந்த என் மனைவிக்குக் கேட்காமல் மெல்லச் சொன்னார். "மேடைக் கொழாய நேரா இந்தக் குழிக்குள்ளயே எறக்கியிருக்காங்கண்ணே. அபிஷேகத் தண்ணியெல்லாம் இதுலதான் வந்து விழுந்திருக்கு."

ஆறு வருடமாக என் சாமியின் பாலை நானே மலக்குழியில் ஊற்றியிருக்கிறேன். அதை வெளியே எடுக்க வந்த மனிதரைக் கால் கழுவச் சொல்லியிருக்கிறேன். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. டீ போட்டுக் கொடுத்தேன். கை அழுக்காக இருக்கிறது என்று வாசலில் நின்றே குடித்தார்.

மறுநாள் அக்கா திரும்பி வந்தார். தம் வீட்டுக்குள் போகாமல் நேராக எங்கள் கேட்டுக்கு வந்தார்.

"உங்க சாமி எடத்த ஒடைச்சிட்டாங்களாமே தம்பி. எங்க வீட்டு அடைப்பால உங்களுக்கு இப்படி ஆயிருச்சே. மன்னிச்சுக்குங்க."

சரிக்கா, பரவாயில்லை என்று சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்திருக்கலாம். வாய்வரை வந்துவிட்டது.

"அடைச்சது எங்க வீட்டுப் பூ நூலுக்கா, உங்க எண்ணெய் இல்ல. மூடி அங்க இருக்குன்னு எனக்கு மொத நாளே தெரியும்" என்றேன்.

அவர் என் கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரிஞ்சிக்கிட்டேதான் சாவிய வாங்கினீங்களா, தம்பி?"

ஆமாம் என்றேன். சாவியை வாங்கிக்கொண்டு போனார். இப்போதெல்லாம் பூச்சோங்குக்குப் போகும்போது சாவியை எதிர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார்.