சத்தம் போடாத இண்டிகேட்டர்

டிக்டிக் மாஸ்டருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை அவருடைய மனைவியே மறந்து வெகுநாளாயிற்று. வீட்டின் முன்னறையில் டிரைவிங் ஸ்கூல் என்று பலகை மாட்டி, வாசலில் ஒரு பழைய காரை நிறுத்தி, ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். கிளட்சை மறந்தால் மன்னிப்பார். பிரேக்கை மறந்தால் தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்துவிட்டு மன்னிப்பார். இண்டிகேட்டரை மறந்தால் மட்டும் ஏழு தலைமுறையையும் இழுப்பார். தெருமுனையில் நடந்து திரும்பும்போதுகூடக் கையை நீட்டிவிட்டுத் திரும்பும் மனிதர். பின்னால் யாருமே வரவில்லையே என்று கேட்டால், "வந்தா?" என்பார்.

இப்பேர்ப்பட்டவருடைய பார்வையில், நட்டநடுவில், ஒரு சாம்பல் நிறப் புள்ளி வந்து குடியேறியது. ஓரத்தில் இருப்பதெல்லாம் தெரியும். எதைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறாரோ அது மட்டும் தெரியாது. விழித்திரை கெட்டுவிட்டது, போனது வராது, இனிமேல் வண்டிப் பக்கம் போகாதீர்கள் என்று கண் டாக்டர் சொன்னார். மாஸ்டர் பணிவாகக் கேட்டுக்கொண்டு வெளியே வந்து, யாரிடமும் மூச்சு விடாமல், உண்மைக் குற்றவாளியைத் தானே கண்டுபிடித்தார். பல்புகள்தான். இந்தக் காலத்துப் பல்புகளுக்கு வெளிச்சமே இல்லை.

முதலில் வீட்டுப் பல்புகள் மாறின. பட்டப்பகலில் வீடு நகைக்கடை மாதிரி ஜொலித்தது.

"சமையக்கட்டுல கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டு நிக்கணும் போலிருக்கே," என்றாள் மனைவி. டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றும் புருஷனை அவள் கவனிக்காமல் இல்லை. கேட்டால் டம்ளர் சரியில்லை என்று பதில் வரும். அதனால் கேட்காமல் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது கார். இண்டிகேட்டர் பல்புகள் நாலையும் கழற்றிவிட்டு எல்இடி மாட்டினார். கண் வேண்டாத வேலை, விரல்களே பார்த்துக்கொண்டன. ஆனால் சுவிட்சைப் போட்டதும், இத்தனை காலமும் நிதானமாக 'டிக்... டிக்' என்று அடித்த வண்டி, நாய் துரத்தியதுபோல 'டிகுடிகுடிகு' என்று ஓடியது.

ஏசி வைத்த புது ஸ்கூலுக்கு எல்லோரும் போய்விட்ட பிறகு, அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே மாணவி தையல்காரம்மா. "என்ன மாஸ்டர், வண்டிக்குப் படபடப்பா?" என்றாள். அன்றைய பாடமாக, அவளை ஓட்டச் சொல்லியே எலக்ட்ரீஷியன் கடைக்குப் போனார்.

"பழைய பல்பு கரண்ட்ட நல்லா இழுக்கும் மாஸ்டர். எல்இடி துளிதான் எடுக்கும். இண்டிகேட்டர விட்டு விட்டு எரிய வைக்கிற ரிலேவுக்கு அது புரியல. ஒரு பல்பு செத்துப்போச்சுன்னு நெனச்சு அவசரமா அடிச்சுக் காட்டுது."

"எதுவும் சாகலையேப்பா."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அதுக்குத் தெரியணுமே."

உயிரோடு இருப்பதைச் செத்ததாகக் கணக்கெழுதும் ரிலே மீது மாஸ்டருக்கு அளவில்லாத கோபம் வந்தது. ரிலேயை மாற்றலாம், இல்லாவிட்டால் ரெசிஸ்டர் போடலாம் என்றான் எலக்ட்ரீஷியன். ரெசிஸ்டர் என்பது பல்போடு சேர்ந்து உட்கார்ந்து, கரண்ட்டை மட்டும் தின்று, துளி வெளிச்சம் தராமல் சூடாகிக்கொண்டிருக்கும் சாமான். பெரிய பதவிக்குரிய எல்லாத் தகுதியும் அதற்கு உண்டு. மாஸ்டர் அதையே வாங்கினார். "தகரத்துல வச்சு ஸ்க்ரூ போடுங்க, ரொம்பச் சுடும்," என்று சொல்லியனுப்பினான்.

தகரம் என்று விரல் சொன்ன இடத்தில் மாஸ்டர் வைத்துக் கட்டினார். தையல்காரம்மா இண்டிகேட்டரை எரியவிட்டபடி வெகுநேரம் ரிவர்ஸ் பழகிய அன்று, அது பிளாஸ்டிக் என்று மூக்கு சொன்னது.

"மாஸ்டர், எங்கேயோ இஸ்திரி தீயுது."

உருகிய பின்விளக்கைப் பார்த்துவிட்டு எலக்ட்ரீஷியன் ரெசிஸ்டரைப் பிய்த்தெறிந்தான். புது ரிலேயைச் சொருகினான். "இது எல்இடிக்குன்னே வர்றது. நிதானமா அடிக்கும். சத்தமும் வராது, தொல்லை விட்டுச்சு."

மாஸ்டர் சுவிட்சைப் போட்டுவிட்டுக் காதைச் சாய்த்தார். "சத்தம் வர்ற மாதிரி கெடைக்காதா?"

"சத்தம் எதுக்கு மாஸ்டர்? அதான் ஸ்டியரிங்குக்கு முன்னாடி பச்சை அம்பு எரியுதே, பாத்துக்கலாம்ல?"

பார்த்துக்கொள்ளலாம்தான். அந்த அம்பு, சாம்பல் புள்ளிக்குள் போய் எத்தனையோ நாளாயிற்று. மாணவர்கள் இண்டிகேட்டர் போட்டார்களா இல்லையா என்பதை அவர் காதால்தான் பார்த்துவந்தார். இதை வெளியே சொன்னால் பலகை இறங்கும். பலகை இறங்கினால் அவர் யார்?

மறுநாள் முதல் திருப்பத்தில் கடுப்பாகக் கேட்டார்: "சிக்னல் எங்கம்மா?"

"போட்டிருக்கேனே மாஸ்டர்."

அடுத்த திருப்பத்திலும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது திருப்பத்தில் மாஸ்டர் புத்திசாலித்தனமாக வாயை மூடிக்கொண்டார். அந்த ஒரு திருப்பத்தில்தான் அவள் மறந்துபோனாள். பின்னால் வந்த வேன் கிறீச்சிட்டு, கார்க் கதவை ஒட்டி நின்றது. வேன்காரன் ஏழு தலைமுறையையும் இழுத்துவிட்டுப் போனான்.

தையல்காரம்மா வண்டியை ஓரங்கட்டினாள். ஊசியில் நூல் கோத்துக் கோத்துப் பழகிய கண் அவளுடையது. அடுத்தவர் கண் தடுமாறினால் அவளுக்குத் தெரியாமல் போகாது. அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"மாஸ்டர், இப்ப அம்பு எரியுதா?"

மாஸ்டர் முன்னால் பார்த்தார். கௌரவமாக யோசித்தார். "எரியுது."

அவள் கையை அவர் பக்கம் நீட்டினாள். உள்ளங்கையில் வைத்தது சாவி என்பதை விரல்கள் சொல்லின. வண்டி எப்போதோ அணைந்திருந்தது; வேன்காரனின் வசவு இன்னும் ஓடிக்கொண்டிருந்த காதுக்கு அது எட்டவில்லை.

"வீட்ல அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமலா இருக்கும்," என்று சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

வீடு வரைக்கும் அவளே பார்த்து ஓட்டினாள். அவர் எதுவும் சொல்லித்தரவில்லை. அவருடைய தெருவுக்குத் திரும்பும்போது மட்டும், பழக்கதோஷம், நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'டிக்... டிக்' என்றார். அவள் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"டெஸ்ட்டுக்கு அந்த ஏசி ஸ்கூல்ல சேந்துக்கம்மா. ரிவர்ஸ்ல மட்டும் கொஞ்சம் அவசரப்படுறே."

மனைவி வாசலுக்கு வந்தாள். பின்னால் வீடு முழுக்கப் பல்புகள் எரிந்துகொண்டிருந்தன.

"அந்தப் பலகையைக் கழட்டணும்," என்றார் மாஸ்டர். "ஸ்க்ரூ எங்க இருக்குன்னு... எனக்குத் தெரியல."

அவள் உள்ளே போனாள். ஸ்க்ரூடிரைவரையும் ஸ்டூலையும் எடுத்துவந்து, "ஸ்டூலை ஆடாம பிடிச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு ஏறினாள்.