அரை நாள் நாவலாசிரியர்

டைமரை இருபத்தைந்து நிமிடத்துக்குத் திருகி வைத்துவிட்டு, எங்கள் நாவலாசிரியர் பேனாக்களைத் துடைக்கத் தொடங்குகிறார். மொத்தம் ஏழு பேனாக்கள். ஏழாவதைத் துடைத்து வைப்பதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருக்கிறது. அடுத்து ஐந்து நிமிட ஓய்வு. எழுத்தாளன் மூளையைப் போட்டுக் கசக்கக் கூடாது என்று அவர் சேர்ந்திருக்கும் இணைய வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அதை மட்டும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்.

காலையில் இதே மனிதர் கண்ணாடிக் கடையில் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறவர். அரை மில்லிமீட்டர் விலகினாலும் கழற்றி மறுபடி தேய்ப்பார். மதியத்துக்கு மேல்தான் நாவலாசிரியர்.

நாவல் எழுத என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அவரிடம் உண்டு. அத்தியாயங்களை இடம் மாற்றிப் பார்க்க ஒரு மென்பொருள், பின்னணியில் மழைச் சத்தம் போட ஒரு செயலி. எழுதுவது எப்படி என்று சொல்லும் புத்தகங்கள் மட்டும் முப்பத்தொன்று. இனிமேல் இப்படிப்பட்ட புத்தகம் வாங்காதே என்று சொல்வதும் அவற்றில் ஒன்று. அதையும் அடிக்கோடிட்டுப் படித்திருக்கிறார். யார் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டார். இவரிடம் அந்த மென்பொருளைக் கற்றுக்கொண்டு போன எங்கள் கடைக் கண் பரிசோதகர் இரண்டு நாவல் வெளியிட்டுவிட்டார். இரண்டிலும் முதல் பக்கத்தில் இவருக்கு நன்றி.

"அஸ்திவாரம் சரியா போடணும் சார். அவசரப்பட்டு எழுதிட்டா அப்புறம் எழுதினதைத் திருத்திக்கிட்டே கெடக்கணும்" என்பார். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

ஏனென்றால் அந்த மதியங்களைச் சம்பாதித்தவர் வேறொருவர். அவர் மனைவி மருத்துவமனையில் செவிலியர். இவர் அரை நாள் வேலைக்கு மாறுவதற்காக அந்த அம்மாள் வருடம் முழுக்கக் கூடுதல் ஷிப்ட் பார்த்தார். ஒரு வருடத்தில் நாவல் கைக்கு வர வேண்டும், இல்லையென்றால் பழையபடி முழு நாள் கடை என்பது பேச்சு. போன ஞாயிற்றுக்கிழமை கெடு முடிந்தது. துணைக்கு இருக்கட்டும் என்று நாவலாசிரியர் என்னையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்.

மனைவி வேலையிலிருந்து நேரே வந்து மேஜை முன் உட்கார்ந்தார். நாவலாசிரியர் தடிமனான கோப்பு ஒன்றை நீட்டினார். உள்ளே நாவல் இல்லை. கதாநாயகியை அறிந்துகொள்ள எழுத்தாளர் நிரப்ப வேண்டிய இருநூறு கேள்விகள், பதில்களோடு இருந்தன. கதாநாயகியும் ஒரு செவிலியர்தான்.

"அவளை முழுசா தெரிஞ்சுக்கிட்டேன். இனிமே எழுத வேண்டியதுதான் பாக்கி" என்றார். அவருடைய காது மடல் சிவந்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அந்த அம்மாள் முதல் கேள்வியிலிருந்து படித்தார். பிடித்த பூ, அடிக்கடி வரும் கனவு, சின்ன வயதில் தொலைத்த பொம்மை எல்லாவற்றையும் தாண்டி ஒரு பக்கத்தில் நின்றார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்வாள் என்பது கேள்வி. ஜன்னலைத் திறந்து வானத்தை ரசிப்பாள் என்று இவர் எழுதியிருந்தார்.

"இதை யாருகிட்ட கேட்டீங்க?"

"யாருகிட்டயும் கேக்கல. கற்பனைதான்."

அந்த அம்மாள் ஒரு பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். அதன் கீழே நிதானமாக எழுதினார்: 'ஷூவைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாள்.'

நாவலாசிரியர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, குனிந்து, மேஜைக்கு அடியில் மனைவியின் கால்களைப் பார்த்தார்.