பாறசாலை எட்டாம் வகுப்புக்கு ஒரு கணக்கு டீச்சர்

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை ஏழு கிலோமீட்டர். அங்கிருந்து எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலை இன்னும் கொஞ்சம். இதைப் பயணம் என்று சொன்னால் காசிக்கும் காஷ்மீருக்கும் போய்வந்து எழுதுகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பைப்புக் கடை வைத்திருப்பவனின் கால் போகிற தூரம் இவ்வளவுதான். இதுவும் என் வேலையாகப் போனதல்ல. மனைவி புஷ்பலீலாவுக்குத் துணையாகப் போனேன்.

லீலா கணிதத்தில் பி.எஸ்ஸி., அதற்கு மேல் பி.எட். கேரள ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறியவள். ஆனால் இத்தனை வருடமும் அவளுடைய பள்ளிக்கூடம் எங்கள் வீட்டு முன்னறைதான், மாலையில் டியூஷன். பாறசாலைக்கு உள்ளே ஒரு கிராமத்துப் பள்ளியில் தமிழ் மீடியத்துக்குக் கணக்கு டீச்சர் தேவை, தினக்கூலி, நேரில் வந்தால் இன்டர்வியூ என்று எங்கள் சர்ச் சபையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பள்ளியின் பெயரை மட்டும் எழுதமாட்டேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

காலை எட்டேகாலுக்குக் கிளம்பினோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்கு மட்டும் டிக்கெட். லீலாவுக்கு அதில் ஒரு பெருமை. களியக்காவிளையில் கேரள பஸ் ஏறியதும் அது தீர்ந்தது: ஆளுக்குப் பதின்மூன்று ரூபாய். ஜூலை மழை விடவே இல்லை. கடைப் பலகைகளில் எழுத்து மலையாளமாக மாறியது. பஸ்ஸுக்குள் பேச்சு மட்டும் மாறவில்லை, எங்கள் தெருவில் கேட்கும் அதே இழுவை.

ஒன்பது மணிக்குப் பாறசாலை. பள்ளிக்கு அங்கிருந்து நாலு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். ஓட்டுநர் சுகுமாரன் கண்ணாடியில் லீலாவின் ஃபைலைப் பார்த்துவிட்டார்.

"இன்டர்வியூவுக்கா டீச்சரே? எனக்க மவ ஆதிரா அந்த ஸ்கூல்லதான் எட்டுல படிக்கா. ஸ்கூல் தொறந்து ரெண்டு மாசம் ஆவப்போவுது, கணக்குக்கு ஆளில்ல. பழைய டீச்சர் பென்ஷன் ஆயிப் போனாவ."

"அப்போ பிள்ளைய என்ன செய்யப் போறிய?" என்று லீலா கேட்டாள்.

"இந்த வெள்ளிக்கிழமை வரை பாப்பேன். இல்லேன்னா டிசி வாங்கி வேற ஸ்கூல்ல மலையாளம் மீடியத்துல சேத்துருவேன். நாலஞ்சு பேரு அப்படி நிக்குதாவ. பின்ன பிள்ளைய கொறஞ்சு தமிழ் டிவிஷனே இல்லாம ஆயிரும்."

லீலா ஃபைலை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பத்தரை மணி. வராந்தா பெஞ்சில் லீலாவோடு இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மரியாதைக்காக வெள்ளைச் சட்டையும் பையில் பேனாவுமாக நானும் ஓரத்தில் உட்கார்ந்தேன். அதுதான் வினையாகப் போயிற்று. கையில் சாக்பீஸோடு ஓடிவந்த ஒரு டீச்சர் என்னைப் பார்த்து, "சார், இச்சிரி நேரம் எட்டுல ஒண்ணு நில்லுங்க. ஒரே பகளம், கூச்சல். ஒங்க பேரு வரும்போ விளிக்கலாம்" என்றார். ஆசிரியர் இல்லாத வகுப்புகளை இன்டர்வியூவுக்கு வந்தவர்களை வைத்தே சமாளிக்கிறார்கள்! நான் வாயைத் திறப்பதற்குள் சாக்பீஸ் என் கைக்கு வந்துவிட்டது. லீலா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாளே தவிர, காப்பாற்றவில்லை.

வகுப்பு எழுந்து நின்று வணக்கம் சொன்னது. அந்த ஒரு வணக்கத்தில் எனக்கும் கொஞ்சம் தலைக்கேறிவிட்டது என்பதை மறைப்பானேன். "சந்தேகம் உண்டா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

ஜன்னலோரப் பெண் எழுந்தாள். "பன்னிரண்டு பக்கம் உள்ள உருவத்துக்க கோணமெல்லாம் கூட்டினா எத்தன சார்?"

முக்கோணத்துக்கு நூற்றெண்பது. அதற்குமேல் எனக்குத் தெரியாது. போர்டில் பன்னிரண்டு பக்கம் வரைந்தேன், நசுங்கிய பலாப்பழம் போல வந்தது. "நாளைக்கு டீச்சர் வந்து சொல்லித் தருவாவ" என்று சமாளித்தேன்.

"எல்லாரும் இதத்தான் சொல்லுதாவ சார். எனக்க அப்பா வெள்ளிக்கிழமை டிசி வாங்கப் போறாவ."

ஆதிரா! ஆட்டோக்காரரின் மகள். அந்தச் சமயம் பார்த்துத் தலைமையாசிரியையும் பி.டி.ஏ. தலைவரும் உள்ளே வந்தார்கள், பின்னால் லீலா. மற்ற இருவரும் ஒன்பதாம் வகுப்பில் மாதிரி வகுப்பு எடுத்து முடித்தாயிற்றாம். இவளுக்கு எட்டாம் வகுப்பு.

"இது ஆரு?" என்றார் தலைமையாசிரியை.

"எனக்க வீட்டுக்காரர்" என்றாள் லீலா. வகுப்பே கொல்லென்று சிரித்தது. என்னைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்கள்.

லீலா என் பலாப்பழத்தை அழிக்கவில்லை. ஆதிராவைக் கூப்பிட்டு, ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைகளுக்கெல்லாம் கோடு போடச் சொன்னாள். "இப்ப எத்தன முக்கோணம் உண்டு? எண்ணு மக்கா."

வகுப்பு சேர்ந்து எண்ணியது. பத்து. "அப்போ ஆயிரத்தெண்ணூறு!" என்று ஆதிரா கத்திவிட்டாள். "அப்படின்னா இருபது பக்கத்துக்கு?" என்று இன்னொருத்தி கேட்டாள். பத்து நிமிடம் என்று சொல்லியிருந்த வகுப்பு மணியடிக்கும்வரை ஓடியது. தலைமையாசிரியை நிறுத்தவில்லை. லீலா இப்படிப் போர்டு முன்னால் நின்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இத்தனை நாளும் இவளை முன்னறையில் உட்கார வைத்திருந்தோமே என்று பட்டது.

பிற்பகல் இரண்டு மணிக்கு முடிவு சொன்னார்கள். லீலாவுக்கு வேலை, மார்ச் வரை. அதற்குப்பின் என்ன என்பது யாருக்கும் தெரியாது. இரண்டாவதாக வந்த அதியன்னூர்ப் பெண்ணின் போன் நம்பரையும் தலைமையாசிரியை வாங்கிக்கொண்டார். கோட்டுகால் பக்கம் ஒரு பள்ளியிலும் ஆளில்லையாம்.

வாசலில் அதே ஆட்டோ நின்றது. சுகுமாரன் லீலாவின் முகத்தைப் பார்த்தார். "நாளைல இருந்தே வாறேன்" என்றாள் லீலா.

அவர் இறங்கி நின்று வீட்டுக்குப் போன் போட்டார். "எடியே, அலமாரிக்க மேல டிசிக்கு எழுதி வச்ச பேப்பர் உண்டுல்லா? அத எடுத்து அடுப்புல வை. ஓ, டீச்சர் வந்தாச்சு."

பஸ் ஸ்டாப்பில் எங்களை இறக்கிவிட்டு எண்பது ரூபாயைச் சரியாக எண்ணி வாங்கிக்கொண்டு, "நாளைக்கு எத்தன மணி பஸ்ஸு டீச்சரே? நான் இஞ்ச நிப்பேன்" என்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுவும் நியாயம்தான். எட்டாம் வகுப்புக்கு என்னால் இனி ஆகவேண்டியது ஒன்றுமில்லை.