மங்கலான படங்கள்

அம்மா இருபத்தாறு வருடம் செய்தித்தாளில் புகைப்படக்காரர். எங்கள் பழங்குடியிலிருந்து அந்த வேலைக்குப் போன முதல் ஆள். வெளியாட்கள் எங்கள் பெரியவர்களைப் படமெடுத்துப் போவார்கள், அத்தோடு சரி. அம்மா அச்சிட்ட படத்தோடு அவர்களிடமே திரும்பிப் போவார். விடுமுறை நாளெல்லாம் எங்கள் ஆட்களின் வீடு வீடாக ஏறி இறங்கினார்.

போன மழைக்காலத்தில் அவர் மருத்துவமனையில் கிடந்தபோது, அந்தப் படங்களை நான் ஒழுங்குபடுத்தினேன். எனக்குக் கணினிச் சேமிப்பகங்களைப் பராமரிக்கும் வேலை. நாற்பத்தோராயிரம் படங்கள். தெளிவில்லாததைத் தானே கண்டுபிடித்து அழிக்க ஒரு நிரல் எழுதினேன். ஆயிரத்து எண்ணூறு போயின. காலியான இடத்தில் மற்றப் படங்களின் பிரதிகளை நிரப்பினேன்.

"மங்கலா இருந்ததெல்லாம் தூக்கிட்டேம்மா."

அம்மா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"சரி. நீ சாப்பிட்டியா?"

அவர் இறந்துபோன மறுவாரம், அம்மாவின் சித்தப்பா வந்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சுவரில் மாட்ட அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை என்றேன். அடையாள அட்டையில் இருப்பதிலும் கண் மூடியிருக்கிறது.

"என்னம்மா உளர்றே? நானே எடுத்தேனே!"

"நீங்களா, தாத்தா?"

"கேமராவை என் கையில குடுத்துட்டா. 'முதல்ல நீங்க என்னை எடுங்க சித்தப்பா, அப்புறம்தான் நான் உங்களை எடுப்பேன்'னா. எல்லார் வீட்லயும் அப்படித்தான். அவ்வளவு பெரிய லாரியை ஓட்டின கை, அந்தச் சின்னப் பெட்டிக்கு உதறுது. படம் கலங்கிப்போச்சு, பாதித் தலையையும் வெட்டிட்டேன். 'பரவால்ல, வாய் இருக்கு, பொழைச்சுக்குவேன்'னு சிரிச்சா உங்கம்மா."

அவரும் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். 'எல்லாத்தையுமா?' என்று அம்மா கேட்டது அப்போதுதான் என் காதில் விழுந்தது.

நான்கு நாள் மீட்பு மென்பொருளை ஓட்டினேன். புதுப் பிரதிகள் மேலே எழுதப்பட்ட இடத்திலிருந்து பழைய படம் மீளாது. தெரிந்துதான் ஓட்டினேன். பிறகு, மிஞ்சியதில் ஒவ்வொரு வீட்டின் முதல் படத்தையும் திறந்து பார்த்தேன்.

ஒன்று தப்பியிருந்தது. எடுத்தவர் யாரோ, பின்னாலிருந்த சுவரில் ஃபோகஸ் வைத்துவிட்டார். செங்கற்களை எண்ணிவிடலாம், அத்தனை தெளிவு. நிரல் சுவரைப் பார்த்து விட்டுவைத்திருக்கிறது. சுவருக்கு முன்னால் ஒரு மங்கல். நீலச் சட்டை, ஒரு பக்கம் சாய்ந்த தலை. முகம் தெரியவில்லை.

அதைத்தான் மாட்டியிருக்கிறேன். தாத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"அவளேதான்" என்றார்.

எனக்குச் சுவர்தான் தெரிகிறது.