மரத்தில் ஏறிய வெளிச்சம்

கிளெனிஸ் ப்ரவுஸ் ஒரே வருஷத்தில் மூன்று கங்காருக்களை இடித்தாள். மூன்றும் வியாழக்கிழமை. மூன்றும் எங்கள் ஊர் யெர்ரபினிலிருந்து வாண்டகின் போகும் சாலையில், இடதுபக்கப் புதரிலிருந்து பாய்ந்தவை. முதலாவது முன்விளக்கை உடைத்தது, இரண்டாவது ரேடியேட்டரை. மூன்றாவது கதவில் ஓர் உதை விட்டுவிட்டுத் தாவிப் போய்விட்டது.

"போறதுக்கு முன்னாடி நின்னு மொறைச்சுது பாரு! நான்தான் என்னமோ அது வழியில குறுக்க வந்த மாதிரி" என்று ஆஸ்பத்திரிச் சமையலறையில் கஸ்டர்ட் கிண்டிக்கொண்டே சொன்னாள். அங்கே அவள் இருபது வருஷமாகக் கிண்டிக்கொண்டிருக்கிறாள். அவள் சிரித்தால் வார்டில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு வரப்போகிறது என்று தெரிந்துவிடும்.

அவள் கணவர் லிண்ட்சி சிரிக்கவில்லை. நசுங்கிய கதவைத் தடவிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"இன்னும் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு இடிச்ச, அப்புறம் வியாழக்கிழமை வண்டிய நான்தான் ஓட்டுவேன்."

வெளியூர்க்காரர்கள் கேட்டால் பாசமான புருஷன் என்பார்கள். லிண்ட்சி வண்டி ஓட்டி நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு கோதுமை வயலுக்கும் வேகத்தைக் குறைத்து, "இந்தாளு விதைய ஆழமாப் போட்டுட்டான்", "இவன் உரத்துல கஞ்சம் பிடிச்சிருக்கான்" என்று மார்க் போட்டுக்கொண்டே போவார். ஒரு மணி நேரப் பயணம் இரண்டு மணி ஆகும். போய்ச் சேர்ந்ததும், வாராவாரம் கிளெனிஸ் பாடப் போகும் கூட்டுப்பாடல் நடக்கும் சர்ச் ஹாலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்குவார். குறட்டை எந்தச் சுருதியிலும் சேராது.

கிளெனிஸுக்கு வியாழக்கிழமை என்பது அந்தத் தனி ஒரு மணி நேரம்தான். ஜன்னலை இறக்கிவிட்டு, இரண்டு பக்கமும் நிற்கும் ஆடுகளுக்குத் தன் பாட்டைக் கேட்கவைத்துக்கொண்டு போவாள். கூடவே இன்னொரு விஷயமும் இருந்தது. அது லிண்ட்சிக்குத் தெரியாது.

ஆட்டுப்புழுக்கை.

அவர்கள் பண்ணையில் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையின் தரை இடைவெளி விட்ட பலகைகளால் ஆனது. அதன் வழியாக வருஷக்கணக்காகக் கீழே விழுந்த புழுக்கை காய்ந்து, பொடிந்து, மலையாகக் கிடக்கும். ரோஜா வளர்ப்பவர்களுக்கு அது தங்கம். வாண்டகின் கூட்டுப்பாடல் பெண்களில் ரோஜா வளர்க்காதவர்கள் குறைவு. லிண்ட்சி மத்தியானம் தூங்கும்போது கிளெனிஸ் கொட்டகையின் பின்பக்கமாகப் புகுந்து மூட்டை கட்டுவாள். வியாழக்கிழமை தன் ஸ்டேஷன் வேகன் காரின் டிக்கி நிறைய ஏற்றிப் போய் விற்றுவிட்டு வருவாள். அந்தப் பணத்துக்கு அவள் யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் அதில் ருசி.

சிக்கல் என்னவென்றால், லிண்ட்சி அந்தப் புழுக்கையைத் தன் பூசணிக்காக ஒதுக்கி வைத்திருந்தார். ஊர்க் கண்காட்சியில் பெரிய பூசணிக்கான முதல் பரிசு அவருடைய வாழ்நாள் கனவு. இந்த வருஷம் அது பக்கத்துப் பண்ணை கெல்வின் ஸ்ட்ரூடுக்குப் போய்விட்டது. கெல்வினின் பூசணியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த வாரம் லிண்ட்சி கொட்டகைக்கு அடியில் குனிந்து பார்த்தார். மலை இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது. திருடன் யார் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து கெல்வினோடு பேச்சு இல்லை. கெல்வினுக்குக் காரணமே தெரியாது. பூசணிப் பொறாமை என்று நினைத்துக்கொண்டான்.

கிளெனிஸ் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அவளுக்கு விளக்கு வேண்டும். வண்டியின் சொந்த விளக்கு போதாது, கூடுதல் விளக்கு பொருத்தினால்தான் நான்காவது கங்காருவைத் தவிர்க்க முடியும். எங்கள் ஊரில் விளக்கு பொருத்துகிறவன் ஒரே ஆள்தான். கெல்வின்.

லிண்ட்சியும் கூடவே வந்தார், ஆனால் வண்டியை விட்டு இறங்கவில்லை. கெல்வினின் ஷெட் வாசலில் ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கிளென், கூரை மேல வைக்கிற நீள விளக்கு ஒண்ணு போடச் சொல்லு அந்தாளை. இருக்கறதுலயே பெருசா."

"கிளெனிஸ், உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லு" என்றான் கெல்வின் ஸ்பேனரைத் துடைத்தபடி. "கூரையில வெச்சா வெளிச்சம் பானட்ல பட்டு கண்ணுல திரும்ப அடிக்கும். ராத்திரி முழுக்கத் தன் பானட்டையேதான் பாத்துக்கிட்டுப் போவணும்."

"அப்ப தூரமா அடிக்கிறதைக் கேளு. ஒரு கிலோமீட்டர் போகுதாம்."

"ஒரு கிலோமீட்டர் தள்ளி நிக்கற கங்காரு யாரையும் இடிக்காதுன்னு சொல்லு. பக்கத்துப் புதர்ல நிக்கறதுதான் இடிக்கும். அகலமா விரியற விளக்கு வேணும். பம்பர் மேல, தாழ்வா."

"வெள்ளை வெளேர்னு இருக்கணும்னு சொல்லு!"

"அவ்ளோ வெள்ளை வேணாம்னு சொல்லு. ரோட்டோர போர்டுல பட்டா கண்ணு கூசும். கொஞ்சம் மஞ்சள் கலந்தது நல்லது."

கிளெனிஸ் நடுவில் நின்று ஒருவர் மாறி ஒருவரைப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? நான் எதுக்கு, ஸ்பீக்கரா?"

கடைசியில் கெல்வின் சொன்னதையே வாங்கினாள். அகலமாக விரியும் வட்ட விளக்கு இரண்டு.

"இதுக்குப் பணம் ஏது?" என்றார் லிண்ட்சி.

"கஸ்டர்ட்ல மிச்சம் பிடிச்சேன்" என்றாள்.

விளக்கைப் பொருத்துவது சின்ன வேலை. சரியான உயரத்தில் நிறுத்துவதுதான் வேலை. அதற்கு எங்கள் ஊரில் ரயில் பாதையோரம் நிற்கும் கோதுமைக் கிடங்கின் சுவர்தான் அளவுகோல். விதைப்புக்கு முன் சனிக்கிழமை சாயங்காலங்களில் வண்டிகள் அங்கே வரிசையாக வந்து நிற்கும். சுவரில் சாக்பீஸ் கோடு. கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வெளிச்சத்தின் மேல் விளிம்பு நிற்க வேண்டும். ஒருபக்கம் இரும்புத் தகட்டில் சாசேஜ் பொரியும், இன்னொரு பக்கம் யாருடைய விளக்கு பெரியது என்ற தர்க்கம் பொரியும்.

கிளெனிஸின் விளக்கைக் கெல்வின் கோட்டில் அப்படியே நிறுத்தினான். நாங்கள் கைதட்டினோம். லிண்ட்சி சாசேஜைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை இருட்டும் நேரத்தில் கிளெனிஸ் ஊரைத் தாண்டி ஸ்விட்சைப் போட்டாள். வெளிச்சம் பிரமாதம். மரத்தின் உச்சிக்கிளைகளில் ஒவ்வொரு இலையும் தெரிந்தது. ஓர் ஆந்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுந்து பறந்தது. மின்கம்பியில் உட்கார்ந்திருந்த கிளிகள் விடிந்துவிட்டது என்று கத்த ஆரம்பித்தன. சாலை மட்டும்தான் சரியாகத் தெரியவில்லை.

எதிரே தூரத்தில் லாரி வருவதைப் பார்த்து அவள் ஒழுங்காக டிம் அடித்தாள். அதற்குள், வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோவில் லாரிக்காரன் குரல் வந்தது.

"யாருய்யா அது, ஏரோப்ளேனுக்கு வழி காட்டறது?"

திரும்பி வரும்போது விளக்கு தங்கமாக எரிந்தது. சாலை, ஓரம், புதர் எல்லாம் தெரிந்தன. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

சனிக்கிழமை மறுபடியும் கிடங்குச் சுவர். கெல்வின் அளந்து பார்த்தான். கோட்டில் மயிரிழை பிசகவில்லை.

"சரியாத்தானே இருக்கு?"

"சரியா இருக்கறதெல்லாம் சாயங்காலம் மரத்துல ஏறிடுது, கெல்வின்."

"கிளென்" என்றார் லிண்ட்சி வானத்தைப் பார்த்து. "திருட்டுக் கை தொட்ட விளக்கு அப்படித்தான் இருக்கும்னு சொல்லு அந்தாளுகிட்ட."

"திருட்டா? எதை?" என்றான் கெல்வின்.

"சாசேஜ் கருகுது!" என்று கத்தினாள் கிளெனிஸ். கருகவில்லை. ஆனால் எல்லாரும் திரும்பினார்கள்.

அடுத்த வியாழக்கிழமை உப்பு ஏரி வளைவில் இடதுபக்கத்திலிருந்து ஒன்று பாய்ந்தது. வெளிச்சமெல்லாம் மேலே இருந்ததால், அது பானட்டுக்கு முன்னால் வந்த பிறகுதான் தெரிந்தது. பிரேக்கை மிதித்தாள். ஒரு கை அகலத்தில் தப்பியது. டிக்கியில் இருந்த மூட்டைகள் சரிந்து வந்து சீட்டில் மோத, ஒரு மூட்டை பிரிந்து அவள் தோள் மேல் புழுக்கை கொட்டியது.

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். பிறகு இறங்கி, சட்டையை உதறியபடி வண்டியைச் சுற்றி வந்தாள். பக்கவாட்டில் நின்று பார்த்ததும் புரிந்துபோனது. பின்பக்கம் சக்கரத்தில் உட்கார்ந்திருந்தது. முன்பக்கம், பிஸ்கட் கேட்கும் நாய் மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது. சுவரில் அளந்தது காலி வண்டி. இருட்டில் போவது புழுக்கை வண்டி.

ஆக, விளக்கைச் சரிசெய்ய ஒரே வழிதான் உண்டு. மூட்டைகளோடு கிடங்குக்குப் போக வேண்டும். லிண்ட்சியின் முன்னால். சொல்லாவிட்டாலோ, நான்காவது கங்காரு எங்கோ ஒரு புதரில் அவளுக்காகக் காத்திருந்தது. அதன் பின்னால் லிண்ட்சியும் காத்திருந்தார், சாவிக்கு.

சனிக்கிழமை பின்பக்கம் தாழ்ந்த வேகன் உறுமிக்கொண்டு வந்து சுவருக்கு முன்னால் நின்றது. டிக்கி முழுக்கக் கம்பளி போர்த்தியிருந்தது.

கெல்வின் ஒரு முறை குனிந்து பார்த்தான். "அடடே, பின்னாடி பாரம். இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே. என்ன ஏத்தியிருக்க?"

"பாட்டுப் புத்தகம்."

"எல்லாமா?"

"தடிமனான பாட்டு."

கெல்வின் மூக்கை உறிஞ்சினான். நாங்களும் உறிஞ்சினோம். லிண்ட்சி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தபடி மெல்ல நடந்து வந்தார். அவருக்கு அந்த வாசனை தெரியும், சொந்தக் கொட்டகை வாசனை. கம்பளியின் ஒரு முனையைத் தூக்கினார். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"கிளென்."

"ஆமா" என்றாள். "உன்னோடதுதான். நான்தான் எடுத்தேன். வாண்டகின் ரோஜாவுக்கெல்லாம் நான்தான் சோறு போடறேன். இந்த விளக்கும் அதுல வாங்கினதுதான். கஸ்டர்ட்ல யாரு மிச்சம் பிடிக்க முடியும்? மூட்டையோட அளந்தாத்தான் எனக்கு ரோடு தெரியும். அதான் கொண்டாந்துட்டேன். திட்டறதுன்னா திட்டு, ஆனா அளந்து முடிச்சப்புறம் திட்டு."

 லிண்ட்சி கம்பளியைப் பழையபடி போர்த்தினார், குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி. பிறகு ஐஸ்பெட்டிக்குப் போய் ஒரு பீர் டின்னை எடுத்துக் கெல்வினிடம் நீட்டினார். எங்கள் ஊரில் மன்னிப்புக் கேட்பது அவ்வளவுதான்.

"நான் உன்னைத்தான் நெனச்சேன், மாப்ளே."

"என்னையா? சேச்சே" என்றான் கெல்வின். அவன் முகம் மட்டும் ஏனோ சிவந்திருந்தது. டின்னைத் திறக்காமலே கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"அப்ப உன் பூசணிக்கு என்னதான் போட்ட?"

"தண்ணி" என்றான் கெல்வின். "நெறைய தண்ணி."

கிளெனிஸ் அவனைப் பார்த்தாள். அவன் தங்கை யூனிஸ் வாண்டகினில்தான் இருக்கிறாள். கூட்டுப்பாடலில் இவளுக்குப் பக்கத்தில் நிற்கிறவள். வாராவாரம் நான்கு மூட்டை வாங்குகிறவள். அவள் வீட்டு முற்றம் முழுக்க கான்கிரீட். அதில் ஒரே ஒரு தொட்டியில் ஒரு ஜெரேனியம் செடி இருக்கிறது.

கெல்வினும் கிளெனிஸைப் பார்த்தான். பார்த்துவிட்டு அவசரமாக விளக்குப் பக்கம் குனிந்தான்.

வெளிச்சம் கோட்டுக்கு இறங்கியது. கெல்வின் திருகாணியை இறுக்கிவிட்டு நிமிர்ந்தான். "ஒண்ணு இருக்கு. மூட்டையோட போறப்ப சரி. வரும்போது வண்டி காலி. மூக்கு கீழ எறங்கிடும். பம்பருக்கு முன்னாடி எறும்பு ஓடறது நல்லாத் தெரியும், அவ்வளவுதான்."

 லிண்ட்சியிடம் இதற்கு ஒரு வழி இருந்தது.

"பாரம்தானே வேணும்? நான் வரேன். பின்சீட்டுல உக்காந்துக்கறேன்."

கிளெனிஸின் முகத்தில் நான்கு கங்காருக்களும் ஒன்றாகப் பாய்ந்தன. அவள் கெல்வினை மட்டும் பார்த்தாள், கண்ணிமைக்காமல்.

"விறகு!" என்றான் கெல்வின். "யூனிஸ் வீட்டுல மலையாக் கெடக்குது. வாராவாரம் ஏத்திக்கிட்டு வரட்டும். காசு வேணாம். நான் சொல்லிடறேன் அவகிட்ட."

"சும்மாவா குடுக்கறா?" என்றார் லிண்ட்சி வியப்போடு. "நல்ல குடும்பம், மாப்ளே, உங்க குடும்பம்."

பாதிப் புழுக்கை பூசணிக்கு, பாதி ரோஜாவுக்கு என்று வீட்டில் ஒப்பந்தம் ஆனது. வியாழக்கிழமை லிண்ட்சியே மூட்டை ஏற்றிக் கொடுத்தார், குறைந்த மூட்டைகளின் பாரத்துக்கு ஈடாக இரண்டு கோதுமை மூட்டையையும் போட்டு. யூனிஸ் அன்றும் நான்கு மூட்டை கேட்டாள்.

"ஜெரேனியம் எப்படி இருக்கு?" என்றாள் கிளெனிஸ்.

"நல்லா வளருது."

"முதல் பரிசு வாங்கற அளவுக்கா?"

 யூனிஸ் தானே விறகை ஒவ்வொரு கட்டையாகத் தூக்கி டிக்கியில் அடுக்கினாள். கேட்டதற்கு மேலேயே அடுக்கினாள்.

திரும்பும் வழியில், உப்பு ஏரி வளைவுக்கு வெகு முன்னாலேயே, இடதுபக்கப் புதரடியில் இரண்டு கண்கள் மின்னின. கிளெனிஸ் காலை எடுத்து மெல்லப் பிரேக்கை அழுத்தினாள். வண்டி நின்றது. பெரிய சாம்பல் கங்காரு சாலை ஓரத்தில் நிமிர்ந்து நின்று அவளை முறைத்தது.

"என்ன மொறைக்கிற? விளக்கைப் போட்டுக்கிட்டுத்தானே வரேன். போ, வீட்டுக்குப் போ."

அது போனது. அவள் ஜன்னலை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு, விட்ட வரியிலிருந்து பாடத் தொடங்கினாள்.